கம்போனென்ட் வைத்தால் பக்கம் மெதுவாகுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்போனென்டாகப் பிரித்துப் பிரித்து எழுதினால் அப்ளிகேஷன் மெதுவாகிவிடும் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. பக்கத்தின் ஒரு துண்டைத் தனியாக எழுதி, வேண்டிய இடத்திலெல்லாம் கூப்பிட்டுப் பயன்படுத்துவதுதான் கம்போனென்ட். தனி ஒரு கம்போனென்டுக்கு ஆகும் செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. பொத்தான், தலைப்பு, மெனு என்று ஒரு பக்கத்தில் முப்பது நாற்பது இருந்தால் பயனர் அதை உணரவே மாட்டார். சிக்கல் இரண்டு வழியில் வருகிறது. அதே கம்போனென்ட் ஒரு லூப்புக்குள் போய் ஆயிரக்கணக்கில் பெருகுவது முதல் வழி. அது உள்ளே என்ன செய்கிறது என்பது கூப்பிடுகிற இடத்தில் தெரியாமல் போவது இரண்டாவது. ஒரே வரியில் அழகாகக் கூப்பிட்டுவிடுகிறோம், அந்த வரிக்குள் ஒரு டேட்டாபேஸ் குவெரி, ஒரு தேதி ஃபார்மேட்டர், மூன்று டிவ், ஒரு ஸ்க்ரோல் லிசனர் எல்லாம் இருக்கும், கோட் ரிவியூ செய்பவர் கண்ணுக்கு அந்த ஒரு வரி மட்டும்தான் படும்.

அதனால் பக்கம் மெதுவாக இருக்கிறதே என்று கம்போனென்டுகளையே தூக்கிப் போட வேண்டியதில்லை. எது பெருகுகிறது, எதற்குள் என்ன வேலை நடக்கிறது என்று தேட வேண்டும். கீழே இருக்கிற பதில்கள் எல்லாம் இந்தத் தேடலைப் பற்றித்தான்.

ஒரு கம்போனென்ட் ரெண்டர் ஆகும்போது, அதாவது திரைக்கான வடிவமாக மாறும்போது, அப்படி என்னதான் வேலை நடக்கிறது?

சர்வரில் என்றால்: டெம்ப்ளேட் எங்கே இருக்கிறது என்று தேடுவது, ஒரு ஆப்ஜெக்ட் உருவாக்குவது, கொடுத்த மதிப்புகளை அதில் ஏற்றுவது, எச்டிஎம்எல் ஸ்ட்ரிங்கை உருவாக்கி வெளியே இருக்கிற பெரிய ஸ்ட்ரிங்கோடு ஒட்டுவது, அப்புறம் லாகிங், கண்காணிப்பு போன்றவற்றுக்காக ஃபிரேம்வொர்க் அனுப்புகிற அறிவிப்புகள். புரொடக்ஷனில் டெம்ப்ளேட் ஏற்கெனவே கம்பைல் ஆகி மெமரியில் இருக்கும், ஆகவே தேடுதல் பெரும்பாலும் கேஷிலிருந்து (முன்பே எடுத்து வைத்த நகலிலிருந்து) முடிந்துவிடும்.

பிரவுசரில் கதை கொஞ்சம் நீளம். கம்போனென்ட் ஃபங்ஷன் ஓடுகிறது, அது தருகிற விவரணை பழையதோடு ஒப்பிடப்படுகிறது, வித்தியாசம் இருந்தால் டாம், அதாவது பிரவுசர் வைத்திருக்கிற பக்கத்தின் எலிமென்ட் மரம், மாற்றப்படுகிறது, அதற்குப் பிறகு பிரவுசர் ஸ்டைல் கணக்கிட்டு, லேஅவுட் போட்டு, பெயின்ட் செய்கிறது. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லிசெகண்ட், இவ்வளவும் அதற்குள் முடிய வேண்டும். 50 மில்லிசெகண்டைத் தாண்டினால் பிரவுசரே அதை நீண்ட வேலை என்று குறித்துக்கொள்கிறது, அந்த நேரத்தில் பயனர் எதை அழுத்தினாலும் காத்திருக்க வேண்டியதுதான்.

எத்தனை கம்போனென்ட் இருந்தால் அதிகம்?

எல்லா ஃபிரேம்வொர்க்குக்கும் பொதுவான ஓர் எண் கிடையாது. ஆனால் அளவு புரிய ஓர் உதாரணம் சொல்லலாம். பிளேசர் வெப்அசெம்பிளி என்ற ஃபிரேம்வொர்க்கில் ஒரு கம்போனென்டை ரெண்டர் செய்ய ஏறத்தாழ 0.06 மில்லிசெகண்ட் ஆனதாக மைக்ரோசாஃப்டின் ஆவணமே சொல்கிறது. கேட்க மிகச் சிறிய எண். இப்போது 200 வரிசை, 10 நெடுவரிசை உள்ள ஓர் அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள்: 2000 கட்டம். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் டூல்டிப்புக்கு ஒன்று, அனுமதி பார்க்க ஒன்று, எண்ணை வடிவமைக்க ஒன்று, வெளியே கட்டம் என்று நான்கு அடுக்கு கம்போனென்ட் வைத்தால் 8000. அதை 0.06-ஆல் பெருக்கினால் 480 மில்லிசெகண்ட், அதாவது அரை விநாடி, டேட்டாபேஸோ நெட்வொர்க்கோ எதுவும் கணக்கில் வராமலே.

அதே ஆவணத்தில் இன்னொரு தகவலும் உண்டு: 4000 முறை ரெண்டர் ஆகிற ஒரு கட்டக் கம்போனென்டுக்கு அனுப்புகிற ஒவ்வொரு பாராமீட்டரும் மொத்தத்தில் சுமார் 15 மில்லிசெகண்டைக் கூட்டுகிறது. பத்துப் பாராமீட்டர் அனுப்பினால் 150. லூப்புக்குள் இருக்கிற கம்போனென்டுக்கு வெளியிலிருந்து அனுப்புகிற மதிப்புகள் (பிராப்ஸ்) கூட இலவசம் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். உங்கள் ஃபிரேம்வொர்க்கில் எண்கள் வேறாக இருக்கும், பெருக்கல் மட்டும் மாறாது.

ரெயில்ஸில் பார்ஷியல் வேகமா, வியூகம்போனென்ட் வேகமா?

ரூபி மொழியின் வெப் ஃபிரேம்வொர்க்கான ரெயில்ஸில் பார்ஷியல் என்பது இன்னொரு டெம்ப்ளேட்டுக்குள் கூப்பிடுகிற சின்ன டெம்ப்ளேட் கோப்பு. கிட்ஹப் திறந்த மூலமாக வெளியிட்ட வியூகம்போனென்ட் நூலகம் டெம்ப்ளேட்டை ரூபி கிளாஸின் ஒரு மெத்தடாகவே கம்பைல் செய்துவிடுகிறது. அதனால் பார்ஷியலுக்கு ஆகிற டெம்ப்ளேட் தேடல், அறிவிப்பு போன்ற சுற்று வேலைகள் இதில் குறைவு. தனியாக எடுத்து அளந்தால் பெரும்பாலும் இதுதான் முந்தும்.

ஆனால் பலர் இந்த ஒப்பீட்டைத் தவறான இடத்தில் செய்கிறார்கள். லூப் எழுதி உள்ளே பார்ஷியலைக் கூப்பிட்டு அளக்கிறார்கள். அதே பார்ஷியலுக்கு முழுப் பட்டியலையும் கலெக்ஷனாகக் கொடுத்தால் ரெயில்ஸ் டெம்ப்ளேட்டை ஒரே முறை தேடிவிட்டு எல்லா வரிசைக்கும் அதையே பயன்படுத்துகிறது. லாகிலும் நூறு வரிக்குப் பதில் ஒரே வரி. கோடில் மாறுவது சில எழுத்துகள்தான், பலன் அதைவிட எவ்வளவோ அதிகம். வியூகம்போனென்டிலும் கலெக்ஷன் வசதி இருக்கிறது, லூப்பை விட அதையே பயன்படுத்துங்கள்.

இதற்கு மேல் எது வேகம் என்று மண்டையை உடைத்துக்கொள்வதில் பயன் இல்லை. சர்வரில் மெதுவான பக்கத்தைத் திறந்து பார்த்தால் நேரத்தைத் தின்பது பெரும்பாலும் அடுத்த கேள்வியில் வருகிற விஷயம்தான்.

கம்போனென்ட் தனக்கு வேண்டிய தரவைத் தானே எடுத்துக்கொண்டால் நல்லதுதானே? அப்போதுதானே எங்கே வேண்டுமானாலும் தூக்கி வைக்கலாம்?

தூக்கி வைக்க வசதிதான், அந்த வசதியில்தான் ஆபத்தும் இருக்கிறது. ஒரு பதிவின் ஆசிரியர் படத்தையும் பெயரையும் காட்டுகிற சின்ன கம்போனென்ட் என்று வைத்துக்கொள்வோம். பதிவின் எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு, ஆசிரியரை அதுவே டேட்டாபேஸில் தேடுகிறது. பதிவுப் பக்கத்தில் ஒரு முறை வந்தால் ஒரு குவெரி, யாருக்கும் தெரியாது. அடுத்த மாதம் இன்னொருவர் அதை முகப்புப் பட்டியலில் வைக்கிறார், ஐம்பது பதிவு, ஐம்பது குவெரி. அவர் எந்தத் தவறும் செய்யவில்லை, இருப்பதை மறுபயன்பாடு செய்தார், அவ்வளவுதான். இதைத்தான் என் பிளஸ் ஒன் (N+1) குவெரி என்கிறோம்: பட்டியலுக்கு ஒன்று, பிறகு ஒவ்வோர் உருப்படிக்கும் ஒன்று.

குவெரி ஒவ்வொன்றும் ஒரு மில்லிசெகண்டில் முடிந்தாலும் சர்வருக்கும் டேட்டாபேஸுக்கும் இடையே போய்வரும் நேரம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சேரும். உங்கள் கணினியில் இரண்டும் ஒரே இயந்திரத்தில் இருப்பதால் தெரியாது, புரொடக்ஷனில் நடுவே நெட்வொர்க் வந்தவுடன் தெரியும்.

இதிலேயே மிகவும் மறைவானது அனுமதி சோதனை. "இந்தப் பயனருக்கு எடிட் பொத்தான் காட்டலாமா" என்று கேட்கிற கம்போனென்ட் பார்க்கப் பாவம் போல இருக்கும், உள்ளே குழு, பங்கு, உரிமை என்று மூன்று டேபிளைத் தொடும். இதை வரிசைக்கு வரிசை வைத்தால் பக்கம் தவழும். எண்ணிக்கை காட்டுகிற பேட்ஜும் அப்படித்தான்.

நான் வலியுறுத்துவது இதுதான்: லூப்புக்குள் போக வாய்ப்புள்ள எந்தக் கம்போனென்டும் தயாரான தரவை வாங்கிக் காட்டுவதோடு நிற்க வேண்டும், தானாக எதையும் போய் எடுக்கக் கூடாது. தரவை எடுப்பது பக்கத்தின் வேலை, அல்லது பக்கத்தின் பெரிய ஒரு பகுதியின் வேலை. ரெயில்ஸில் தொடர்புள்ள ரெக்கார்டுகளை முன்கூட்டியே ஏற்றிக்கொள்ளலாம், 6.1 பதிப்பிலிருந்து ஸ்ட்ரிக்ட் லோடிங் போட்டால் முன்கூட்டி ஏற்றாத தொடர்பைத் தொட்டவுடனே பிழை எறியும். டெவலப்மென்டிலும் டெஸ்டிலும் இதைப் போட்டு வைப்பது நல்ல பழக்கம். கிராஃப்க்யூஎல் (ஏபிஐ குவெரி மொழி) பக்கம் இருப்பவர்கள் டேட்டாலோடர் முறையில் தனித்தனிக் கோரிக்கைகளைச் சேர்த்து ஒரே குவெரியாக அனுப்புகிறார்கள், கம்போனென்ட் தனித்தன்மையும் போகாது, குவெரியும் பெருகாது.

பிரவுசரில் தரவு எடுக்கிற கம்போனென்டுகளுக்கும் இதே கதைதானா?

இதைவிட மோசம். வெளி கம்போனென்ட் ரெண்டர் ஆன பிறகு தன் கோரிக்கையை அனுப்புகிறது, பதில் வந்த பின்தான் உள் கம்போனென்டே தோன்றுகிறது, அப்புறம்தான் அது தன் கோரிக்கையை அனுப்புகிறது. ஒன்றன் பின் ஒன்றாகப் படிக்கட்டு போல நீள்கிறது, ஒவ்வொரு படிக்கும் முழு நெட்வொர்க் பயணம். டெவ்டூல்ஸில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து பாருங்கள், கோரிக்கைகள் ஒன்றாகக் கிளம்பாமல் சாய்வாக இறங்கினால் இதுதான். ரவுட் (பக்க முகவரி) அளவிலேயே எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கேட்டுவிடுவதுதான் தீர்வு.

ரியாக்டில் ஓர் எழுத்து டைப் செய்தால் முழுப் பக்கமும் ரீ-ரெண்டர் ஆகிறது. ஏன்?

ஸ்டேட், அதாவது கம்போனென்ட் நினைவில் வைத்துக்கொள்கிற மாறும் மதிப்பு, மேலே இருப்பதால். ரியாக்டில் ஒரு கம்போனென்டின் ஸ்டேட் மாறினால் அதுவும் அதற்குக் கீழே இருக்கிற எல்லாமும் மறுபடி ஓடும், பிராப்ஸ் மாறியதா என்று ரியாக்ட் இயல்பாகப் பார்ப்பதில்லை. தேடல் பெட்டியின் எழுத்தைப் பக்கத்தின் உச்சி கம்போனென்டில் வைத்திருந்தால் ஒவ்வோர் எழுத்துக்கும் அட்டவணை, மெனு, அடிப்பகுதி எல்லாம் ஓடும். டாமில் எதுவும் மாறாமல் இருக்கலாம், ஆனால் மாறவில்லை என்று கண்டுபிடிக்கவே அத்தனையும் ஓட வேண்டியிருக்கிறது.

முதல் தீர்வு மெமோ (பிராப்ஸ் மாறாவிட்டால் ரெண்டரைத் தவிர்க்கும் வசதி) அல்ல, ஸ்டேட்டைக் கீழே இறக்குவது. தேடல் பெட்டி மட்டும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் தேடல் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். அது முடியாவிட்டால், கனமான பகுதியைச் சில்ட்ரனாக (உள்ளே வைக்கத் தருகிற எலிமென்டுகளாக) வெளியிலிருந்து அனுப்புங்கள். அந்தச் சில்ட்ரன் வெளியே ஒரு முறை உருவான அதே எலிமென்ட் என்பதால், உள்ளே ஸ்டேட் மாறும்போது ரியாக்ட் அதைத் தொடாமல் தாண்டிப் போய்விடும். இந்த இரண்டையும் செய்த பிறகு மெமோ தேவைப்படாமலே போகும் இடங்கள் நிறைய.

அப்படியானால் எல்லாக் கம்போனென்டுக்கும் மெமோ போட்டுவிட்டால் நிம்மதிதானே?

இல்லை. 2018-இல் 16.6 பதிப்போடு வந்த ரியாக்ட் மெமோ, பழைய பிராப்ஸையும் புதிய பிராப்ஸையும் மேலோட்டமாக, ஒவ்வொன்றாக ஒப்பிடுகிறது. நீங்கள் ரெண்டருக்குள்ளேயே ஒரு புதிய ஆப்ஜெக்டையோ அம்புக்குறி ஃபங்ஷனையோ உருவாக்கி அனுப்பினால் அது ஒவ்வொரு முறையும் வேறு ஒன்றுதான். ஒப்பீடு தோற்கும், ரெண்டரும் நடக்கும், ஒப்பீட்டுச் செலவு மட்டும் கூடுதல். சில்ட்ரன் அனுப்பினாலும் இதே நிலைதான். பெரிய பட்டியலின் வரிசை, சார்ட், எடிட்டர் போன்ற கனமானவற்றுக்குப் போடுங்கள், போட்ட பிறகு அது உண்மையில் வேலை செய்கிறதா என்று பிரொஃபைலரில் (நேரத்தை அளக்கும் கருவியில்) சரிபாருங்கள். ஒரே ஒரு பிராப் நிலையில்லாமல் இருந்தாலும் மொத்தமும் வீண்.

2025 அக்டோபரில் 1.0 பதிப்பாக வந்த ரியாக்ட் கம்பைலர் இந்த வேலையை பில்ட் நேரத்திலேயே தானாகச் செய்கிறது. ரியாக்ட் விதிகளுக்கு உட்பட்ட கோடாக இருந்தால் கையால் எழுதிய மெமோக்களில் பெரும்பகுதி தேவையில்லாமல் போகும். ஆனால் ஸ்டேட் தவறான இடத்தில் இருப்பதையோ 8000 கம்போனென்ட் வரைவதையோ அது சரி செய்யாது, அது நம் வேலை.

கான்டெக்ஸ்ட் வைத்தால் பிராப்ஸ் தொல்லை இல்லையே, அதில் என்ன செலவு?

கான்டெக்ஸ்ட் என்பது பிராப்ஸாக அடுக்கடுக்காகக் கடத்தாமல் கீழே எங்கிருந்தும் படிக்கக்கூடிய பொது மதிப்பு. அந்த மதிப்பு மாறினால் அதைப் படிக்கிற எல்லாக் கம்போனென்டும் ஓடும், மெமோ போட்டிருந்தாலும் ஓடும். தீம், மொழி, உள்நுழைந்த பயனர் மாதிரி எப்போதாவது மாறுவதை வைக்கலாம். மவுஸ் இருக்கும் இடம், ஃபார்மில் டைப் செய்கிற எழுத்து போன்றவை வேண்டாம். அடிக்கடி மாறுவதையும் அரிதாக மாறுவதையும் ஒரே கான்டெக்ஸ்டில் போடுவதுதான் வழக்கமாக நடக்கிற தவறு. இரண்டாகப் பிரித்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

வியூஜேஎஸ், ஆங்குலர், ஸ்வெல்ட், சாலிட் இதிலெல்லாம் இந்தத் தொல்லை உண்டா?

தொல்லை உண்டு, இடம் மாறும்.

வியூஜேஎஸ்ஸில் பெற்றோர் ரீ-ரெண்டர் ஆனாலும் பிள்ளையின் பிராப்ஸ் மாறாவிட்டால் பிள்ளை பொதுவாக ஓடாது. அதனால் பிராப்ஸை நிலையாக வைப்பதில்தான் வித்தை இருக்கிறது. தேர்ந்தெடுத்த வரிசையின் எண்ணை எல்லா வரிசைக்கும் அனுப்பி, "நான்தானா அது" என்று ஒவ்வொன்றும் தானே ஒப்பிட்டுக்கொண்டால், தேர்வு மாறும்போதெல்லாம் எல்லா வரிசையும் ஓடும். ஒப்பீட்டைப் பெற்றோரிலேயே செய்து, ஆம் அல்லது இல்லை என்று அனுப்பினால் இரண்டு வரிசை மட்டும் ஓடும். கம்போனென்ட் இன்ஸ்டன்ஸ் சாதாரண டாம் நோடை விட மிகவும் கனமானது, பெரிய பட்டியலில் தேவையற்ற அடுக்குகளைத் தவிருங்கள் என்று வியூஜேஎஸ் ஆவணமே வெளிப்படையாகச் சொல்கிறது.

ஆங்குலரின் பழைய இயல்புநிலையில் ஏதாவது ஈவென்ட் நடந்தால் முழு மரமும் சோதிக்கப்படும். ஆன்புஷ் என்ற அமைப்பைப் போட்டால் இன்புட் மாறிய, ஈவென்ட் நடந்த கிளை மட்டும் சோதிக்கப்படும். மாறியதும் தானே தெரிவிக்கிற சிக்னல்கள் வந்த பிறகு இன்னும் துல்லியம். டெம்ப்ளேட்டுக்குள் ஃபங்ஷனைக் கூப்பிடுவதை மட்டும் விட்டுவிடுங்கள், ஒவ்வொரு சோதனைக்கும் அது ஓடும். 2023 நவம்பரில் வந்த 17-ஆம் பதிப்பின் புதிய ஃபார் தொடரியலில், ஒவ்வோர் உருப்படியையும் எதை வைத்து அடையாளம் காண்பது என்று சொல்கிற டிராக் கட்டாயம், பட்டியலை வீணாக மறுபடி கட்டாமல் இருக்க அது உதவுகிறது.

சாலிடில் கம்போனென்ட் ஃபங்ஷன் ஒரே முறைதான் ஓடும், பிறகு மாறுகிற இடம் மட்டும் நேரடியாகப் புதுப்பிக்கப்படும். ஸ்வெல்டும் கம்பைல் நேரத்திலேயே பெரும்பாலான வேலையை முடித்துவிடுகிறது. இவற்றில் ரீ-ரெண்டர் பற்றிய கவலை குறைவு, டாம் அளவும் தரவு எடுப்பதும் அங்கேயும் அதேதான்.

ஒவ்வொரு கம்போனென்டும் ஒரு டிவ் சேர்க்கிறது. அது பெரிய விஷயமா?

ஒன்று விஷயமில்லை. ஆறு அடுக்கு, ஒவ்வொன்றிலும் ஒரு டிவ், ஐந்நூறு வரிசை என்றால் விஷயம்தான். டாம் பெரிதாகப் பெரிதாக ஸ்டைல் கணக்கீடும் லேஅவுட்டும் மெமரியும் கூடும். பாடி பகுதியில் சுமார் 800 நோடைத் தாண்டினால் எச்சரிக்கை, 1400-ஐத் தாண்டினால் பிழை என்பதுதான் பக்கத்தின் தரத்தைச் சோதிக்கிற லைட்ஹவுஸ் கருவி வைத்திருந்த எல்லை. ரியாக்டிலும் வியூஜேஎஸ் 3-இலும் ஃபிராக்மென்ட் உண்டு, வெளி டிவ் வேண்டியதில்லை. ஆங்குலரில் ஹோஸ்ட் எலிமென்ட் தப்பாது, ஆனால் அட்ரிபியூட் செலக்டர் வைத்தால் ஏற்கெனவே இருக்கிற டேபிள் வரிசையின் மேலேயே கம்போனென்டை உட்கார வைக்கலாம்.

லேஅவுட்டைப் பற்றிச் சொன்னீர்கள், கம்போனென்டுக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

இது அதிகம் பேசப்படாத விஷயம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தன் அகலத்தைத் தானே அளந்து, அதற்கேற்ப உரையை வெட்டுகிற கம்போனென்ட் ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். ஏற்றப்பட்டவுடன் அளக்கிறது, உடனே ஸ்டைலை மாற்றுகிறது. ஒன்று என்றால் பரவாயில்லை. முந்நூறு இருந்தால் முதலாவது அளந்து மாற்றும், இரண்டாவது அளக்க வரும்போது பிரவுசர் "ஸ்டைல் மாறிவிட்டதே" என்று முழு லேஅவுட்டையும் மறுபடி கணக்கிட வேண்டும், அதுவும் உடனே. இப்படி முந்நூறு முறை. ஒவ்வொரு கம்போனென்டும் தனியாகப் பார்த்தால் குறையே இல்லாதது, சேர்ந்து நிற்கும்போதுதான் பக்கம் உறைகிறது. எல்லாவற்றையும் முதலில் அளந்துவிட்டு, பிறகு எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், அல்லது அளக்கவே வேண்டாத மாதிரி சிஎஸ்எஸ்ஸில் முடித்துவிட வேண்டும். உரை வெட்டுவதற்கும் கன்டெய்னர் அளவுக்கேற்ப மாறுவதற்கும் இன்று சிஎஸ்எஸ்ஸே போதும்.

ஸ்க்ரோல், ரீசைஸ் லிசனர்களும் இதே வகை. ஒவ்வொரு டூல்டிப்பும் விண்டோவில் ஒரு லிசனர் மாட்டினால் ஆயிரம் லிசனர். பகிர்ந்துகொள்கிற ஒரே அப்சர்வரும், மவுஸ் மேலே வரும்போது மட்டும் உருவாகிற ஒரே டூல்டிப்பும் போதும். எண், தேதி வடிவமைக்கிற ஜாவாஸ்கிரிப்டின் இன்டெல் (Intl) ஃபார்மேட்டர்களையும் கட்டத்துக்குக் கட்டம் புதிதாக உருவாக்காதீர்கள், அதை உருவாக்குவதுதான் கனம், பயன்படுத்துவது லேசு. மாட்யூல் மட்டத்தில் ஒரு முறை உருவாக்கி வைத்தால் வேலை முடிந்தது.

ஸ்டைலைக் கம்போனென்டுக்குள்ளேயே ஜாவாஸ்கிரிப்டில் எழுதுகிறோம். அது சரியா?

பில்ட் நேரத்திலேயே சிஎஸ்எஸ் கோப்பாகப் பிரித்தெடுக்கிற கருவி என்றால் சரி. ஓடும்போது ஸ்ட்ரிங்கைக் கட்டி, ஹாஷ் எடுத்து, ஸ்டைல் டேகில் செருகுகிற வகை என்றால் ஒவ்வொரு ரெண்டருக்கும் அந்தச் செலவு சேரும். புதிய விதி செருகும்போது பிரவுசர் ஸ்டைலை மறுபடி கணக்கிட வேண்டியிருக்கும். மாறுகிற மதிப்பை மட்டும் சிஎஸ்எஸ் வேரியபிளாக அனுப்பிவிட்டு மீதியை நிலையான கிளாஸாக வைப்பதுதான் நான் பரிந்துரைப்பது. வெப் கம்போனென்ட் எழுதுபவர்கள் ஒவ்வொரு ஷேடோ ரூட்டிலும் (கம்போனென்டுக்குள் ஒதுங்கி நிற்கிற தனி டாமிலும்) தனி ஸ்டைல் டேக் வைக்காமல், ஒரே ஸ்டைல்ஷீட் ஆப்ஜெக்டை எல்லா ரூட்டுக்கும் பகிரலாம், பிரவுசர்களில் அதற்கு வசதி இருக்கிறது.

டிசைன் சிஸ்டம் நூலகத்தை இறக்கினால் பண்டில் வீங்குகிறது. என்ன செய்வது?

பிரவுசருக்குப் போகிற ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புதான் பண்டில். முதலில் பண்டில் அனலைசரை ஓட்டுங்கள், எது வீங்குகிறது என்று பார்த்த பிறகு பேசலாம். எல்லாவற்றையும் ஒரே கோப்பிலிருந்து மறு-ஏற்றுமதி செய்கிற இன்டெக்ஸ் கோப்பு, ஆயிரம் ஐகானில் மூன்றுக்காக முழுத் தொகுப்பையும் இழுப்பது, ஒரு பொத்தானுக்காகத் தேதித் தேர்வுக் கருவியும் கூடவே வருவது, இவைதான் வழக்கமான காரணங்கள். மாட்யூல்களில் பக்கவிளைவு இல்லை என்று பேக்கேஜ் கோப்பில் அறிவித்தால்தான் பண்ட்லர் தைரியமாக வெட்டும்.

எல்லாத் தேவையையும் ஒரே கம்போனென்டில் அடைப்பதும் பண்டிலைப் பெருக்கும். நாற்பது பிராப்ஸ் உள்ள ஒரு பொத்தான், பயன்படுத்துவது இரண்டை, இறங்குவது முழுவதும். சின்னச் சின்ன கம்போனென்டாக வைத்துத் தேவைக்குச் சேர்த்துக்கொள்வது இங்கே வேகத்துக்கும் நல்லது.

சர்வரிலேயே எச்டிஎம்எல் ரெண்டர் செய்துவிட்டால் பிரவுசர் செலவு தீர்ந்துவிடுமா?

பார்க்கக் கிடைப்பது சீக்கிரம் கிடைக்கும். ஆனால் வழக்கமான ஹைட்ரேஷனில் அதே கம்போனென்டுகளின் ஜாவாஸ்கிரிப்ட் பிரவுசருக்கும் இறங்கி, எல்லாம் இன்னொரு முறை ஓடி, இருக்கிற டாமோடு இணைய வேண்டும். அதுவரை பொத்தான் தெரியும், அழுத்தினால் நடக்காது. வெறும் உரையைக் காட்டுகிற கம்போனென்டுக்குக் கூட இந்தச் செலவை ஏற்க வேண்டியிருக்கிறது என்பதுதான் வருத்தம். இதைக் குறைக்கத்தான் ஆஸ்ட்ரோ போன்றவற்றின் தீவு முறையும், ரியாக்டின் சர்வர் கம்போனென்டுகளும் வந்தன: ஊடாட்டம் உள்ள பகுதிக்கு மட்டும் ஜாவாஸ்கிரிப்ட் போகும். ரியாக்டில் ஊடாட்டம் உள்ள கம்போனென்டை மரத்தில் எவ்வளவு கீழே வைக்கிறீர்களோ அவ்வளவு லாபம்.

கேஷ் போட்டால் எல்லாம் சரியாகிவிடாதா?

சில இடங்களில் ஆகும். ரெயில்ஸில் கலெக்ஷன் ரெண்டருக்குக் கேஷ் போட்டால் எல்லா வரிசையின் கேஷையும் ஒரே பயணத்தில் சேர்த்துப் படித்துவிடும், அருமையான வசதி. ஆனால் இரண்டு டேக் மட்டும் உள்ள பேட்ஜைத் தனியாகக் கேஷ் செய்தால், கேஷ் சர்வருக்குப் போய்வருகிற நேரம் அதை மறுபடி ரெண்டர் செய்வதைவிட அதிகம். பெரிய துண்டுகளாகக் கேஷ் செய்யுங்கள். அப்புறம் ஒரு கண்டிப்பான எச்சரிக்கை: கம்போனென்டுக்குள் பயனரைப் பொறுத்து எதுவும் மாறினால், அது கேஷ் கீயிலும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒருவருடைய தகவல் இன்னொருவர் திரையில் வரும். வேகத்துக்காக இந்த ஆபத்தை எடுக்கவே கூடாது.

நீளமான பட்டியலுக்கு விர்ச்சுவலைசேஷன்தான் ஒரே வழியா?

திரையில் தெரிகிற வரிசையை மட்டும் உருவாக்குகிற முறை ஆயிரக்கணக்கான வரிசைக்கு நன்றாக வேலை செய்கிறது. ஆனால் பக்கத்தில் தேடுவது டாமில் இல்லாத வரிசையைக் கண்டுபிடிக்காது, ஸ்கிரீன் ரீடருக்கு மொத்த எண்ணிக்கையை நீங்களே சொல்ல வேண்டும், வரிசைகளின் உயரம் வேறுபட்டால் ஸ்க்ரோல் குதிக்கும். அதனால் முதலில் பக்கம் பக்கமாகப் பிரிக்க முடியுமா என்று பாருங்கள், 5000 வரிசையை ஒரே மூச்சில் பார்க்க விரும்பும் பயனர் குறைவு. இடைப்பட்ட அளவுக்குச் சிஎஸ்எஸ்ஸின் கன்டென்ட்-விசிபிலிட்டி உதவும்: திரைக்கு வெளியே இருப்பவற்றின் லேஅவுட்டையும் பெயின்ட்டையும் பிரவுசர் தள்ளிப்போடும், டாமில் இருப்பதால் தேடலும் வேலை செய்யும். குரோமில் 2020-இலும் சஃபாரியில் 2024-இலும் வந்தது. கம்போனென்டை உருவாக்குகிற ஜாவாஸ்கிரிப்ட் செலவை மட்டும் அது குறைக்காது.

எப்படி அளப்பது? எங்கள் கணினியில் எல்லாம் வேகமாகத்தான் இருக்கிறது.

டெவலப்மென்ட் பில்டில் அளக்காதீர்கள். ரியாக்டின் டெவ் பில்டில் கூடுதல் சோதனைகள் உண்டு, ஸ்ட்ரிக்ட் மோடில் கம்போனென்ட் இரண்டு முறை ஓடும், ரெயில்ஸ் டெவ்வில் கோட் மறுபடி ஏற்றப்படும். அந்த எண்களை வைத்து முடிவெடுத்தால் தவறான இடத்தைத்தான் திருத்துவீர்கள். புரொடக்ஷன் பில்ட், உண்மையான அளவுத் தரவு, டெவ்டூல்ஸில் சிபியு வேகத்தை 4 அல்லது 6 மடங்கு குறைத்து வைத்தல், இந்த மூன்றும் சேர்ந்தால்தான் சாதாரண கைபேசி வைத்திருப்பவரின் அனுபவம் ஓரளவு தெரியும்.

பயனர் பக்கத்தில் பார்க்க வேண்டியது ஐஎன்பி (INP). ஒரு அழுத்தலுக்குத் திரை எவ்வளவு நேரத்தில் பதில் சொல்கிறது என்பதை அளக்கிறது, முதல் அழுத்தலின் தாமதத்தை மட்டும் அளந்த எஃப்ஐடிக்குப் பதிலாக 2024 மார்ச்சில் வந்தது. நூறில் எழுபத்தைந்து பக்க வருகைகளிலாவது 200 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் நல்லது. கம்போனென்ட் மரம் கனத்தால் முதலில் அடிபடுவது இந்த எண்தான். ரியாக்ட் பிரொஃபைலரில் ஒவ்வொரு கம்போனென்டும் ஏன் ரெண்டர் ஆனது என்று காட்டும் அமைப்பை இயக்கிக்கொள்ளுங்கள், ஊகிக்கிற வேலை மிச்சம். சர்வரில் ஒரு பக்கத்துக்கு எத்தனை குவெரி ஓடுகிறது என்ற எண்ணைத் திரையிலேயே காட்டுகிற மினி பிரொஃபைலர் மாதிரி கருவி ஒன்று எல்லோருடைய கணினியிலும் இருக்கட்டும்.

எப்போது ஒரு கம்போனென்டைக் கலைத்துவிட்டு நேரடியாக எச்டிஎம்எல் எழுதலாம்?

மூன்றும் உண்மையாக இருந்தால்: அது லூப்புக்குள் நூற்றுக்கணக்கில் வருகிறது, தனக்கென்று ஸ்டேட் இல்லை, பிரொஃபைலரில் அதன் பங்கு கண்ணுக்குத் தெரிகிறது. அப்போதும் முழு மரத்தையும் கலைக்க வேண்டாம், கடைசி இலையை மட்டும் அதன் பெற்றோருக்குள் இழுத்துக்கொண்டால் போதும். கட்டத்தைக் கம்போனென்டாக வைக்காமல் வரிசையைக் கம்போனென்டாக வைத்து, கட்டங்களை ஒரு சாதாரண ஃபங்ஷன் எழுதித் தந்தால் மறுபயன்பாடும் இருக்கும், இன்ஸ்டன்ஸும் இருக்காது. ஏன் இப்படி எழுதினோம் என்று ஒரு வரி கமென்ட் கட்டாயம் போடுங்கள், இல்லாவிட்டால் அடுத்து வருபவர் "சுத்தம் செய்கிறேன்" என்று பழையபடி பிரித்துவிடுவார்.

டீமில் இதை எப்படிக் கட்டுக்குள் வைப்பது?

பொது நூலகத்தில் இருக்கிற ஒவ்வொரு கம்போனென்டின் ஆவணத்திலும் இரண்டு தகவல் எழுதுங்கள்: இது தரவு எடுக்குமா, இது லூப்புக்குள் வைக்கத் தகுந்ததா. டெஸ்டில் பத்து வரிசைக்கும் நூறு வரிசைக்கும் அதே குவெரி எண்ணிக்கை வருகிறதா என்று ஒரு சோதனை எழுதுங்கள், என் பிளஸ் ஒன் உள்ளே நுழைந்த அன்றே பில்ட் உடையும். பட்டியல் காட்டும் கம்போனென்டுகளுக்கு, அவற்றைத் தனியாக ஓட்டிப் பார்க்கிற ஸ்டோரிபுக்கில் மூன்று வரிசை மாதிரி மட்டும் வைக்காமல் ஐந்நூறு வரிசை மாதிரி ஒன்றும் வையுங்கள். மெதுவாக இருந்தால் எழுதுகிறவருக்கே அன்றைக்கே தெரிந்துவிடும், திருத்தவும் அப்போதுதான் சுலபம்.